உள்ளூர்க்காரங்க

வாங்க, வந்த காலோட நிக்காதீங்க, அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க. கையில இருக்குற தட்டை மடியிலயே வச்சுக்கிடுங்க. ஆனா என்னைப் பாத்து "சாப்ட்டாச்சா"ன்னு மட்டும் இப்பவே கேட்டுராதீங்க. கேக்காம நீங்க வந்த காரியம் நடக்காது, அது எனக்கும் தெரியும். கேட்ட உடனே என் வயித்துக்குள்ள இருக்குற கூட்டம் எல்லாத்தையும் போட்டு உடைச்சிரும். அதுக சொல்லி நீங்க கேக்குறதுக்கு முந்தி நானே சொல்லிருதேன். மானம் எப்படியும் போகத்தான் போகுது, வாசல் வரைக்கும் நானே கொண்டுபோய் விட்ட மாதிரி இருக்கட்டும்.

என் பேரு ஆவுடையப்பன். வீட்டுக்கு முன்னால ஷட்டர் போட்டிருக்கே, அதுதான் என் மருந்துக்கடை. போர்டு மேல சுண்ணாம்பு அடிச்சிருக்கேன், இருந்தாலும் அடியில எழுத்து தெரியுதா? "கிருமிக்கு எமன்". நானே சொல்லி எழுத வச்சது. ரெண்டு கோட்டு அடிச்சாச்சு, இன்னும் எட்டிப் பாக்குது சனியன்.

விசயம் ஆரம்பிச்சது போன பங்குனியில, ஒரு செவ்வாக்கிழமை காலையில. எதிர்த்தாப்ல வேப்பமரத்தடியில கம்மங்கூழ் வண்டி போட்டிருக்காளே மாடத்தியக்கா, அவ யாரையும் சாப்ட்டாச்சான்னு கேக்காம அகப்பையைத் தொடமாட்டா. அன்னைக்கும் அப்படித்தான், பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கிட்டிருந்த சங்கரலிங்கம் வாத்தியாரைப் பாத்து "சாப்ட்டாச்சா சார்?"னு கேட்டா. அவரும் நடந்துக்கிட்டே "ஆச்சு, ஆச்சு"ன்னாரு. அப்ப அவரு சட்டைக்குள்ள இருந்து, தூரத்துல ஒரு வகுப்புப் பிள்ளைக மொத்தமாப் பாடம் படிக்கிற மாதிரி ஒரு சத்தம். "ஆகலை. காலையில ஒரு தம்ளர் கடுங்காப்பி. அவ்வளவுதான். நேத்து ராத்திரியும் ஒழுங்கா ஒண்ணும் வந்து சேரலை." மாடத்தியக்கா கொஞ்சங்கூடத் திகைக்கலை. "பொறவு எதுக்கு சார் ஆச்சுங்கிய? இந்தாங்க, ஒரு சொம்பு குடிச்சிட்டுப் போங்க"ன்னு நீட்டினா. வாத்தியார் குடிச்சாரு. "வந்துருச்சு, வந்துருச்சு"ன்னு வயிறு சொல்லிச்சு. அவரு வாயைத் துடைச்சிட்டு மணியடிக்கிறதுக்குள்ள பள்ளிக்கூடம் போயிட்டாரு.

சாயங்காலத்துக்குள்ள ஊர்ல பாதி வயிறு பேச ஆரம்பிச்சிருச்சு. எல்லாரும் வாயைப் பொளந்திருப்பாவன்னு நினைக்காதீங்க. எங்க நெட்டூரணியில ஆச்சரியப்பட யாருக்கு நேரம் இருந்துச்சு? வெக்கப்படுறதுக்கே நேரம் பத்தலை. நம்ம பக்கம் சாப்ட்டாச்சான்னு கேக்குறது கேள்வியா? அது வணக்கம் சொல்லுற மாதிரி. ஆச்சுன்னு சொல்லுறது பதிலா? அது பதில் வணக்கம். பட்டினி கிடக்குறவனும் ஆச்சும்பான், தின்னு ஏப்பம் விட்டவனும் ஆச்சும்பான். அந்த ஒரு சின்னப் பொய்யை மேல போத்திக்கிட்டுத்தான் எங்க ஊரே கௌரவமா நடமாடிக்கிட்டிருந்துச்சு. அது போச்சு.

நடுத்தெரு செண்பகவல்லி, "என் மருமக மகாராணி மாதிரி சாப்பிடுதா"ன்னு தண்ணி பிடிக்கிற இடத்துல பெருமை அடிச்சிட்டிருக்கும்போது, அந்த மருமக ரேவதி வயிறு, "எல்லாரும் தின்ன பொறவு சட்டியில ஒட்டினது, ரெண்டு உருண்டை, குழம்பு கிடையாது, ரசம்தான்"னு சொல்லிருச்சு. குளத்துக்குத் தண்ணி விடச் சொல்லி உண்ணாவிரதம் இருந்த வார்டு மெம்பர் வயிறு, மைக்குக்கு முன்னாலயே, "ரெண்டு புரோட்டா, பந்தலுக்குப் பின்னால, சால்னா தனியா"ன்னு விளம்பரம் குடுத்துருச்சு. சர்க்கரை வியாதிக்காரர் ஒருத்தர் வயிறு, "மைசூர்பாகு, கைக்குட்டையில சுத்தி, குளியலறைக்குள்ள வச்சு"ன்னு அவரு சம்சாரம் கேக்கவே சொல்லிச்சு. அந்த அம்மா ரெண்டு நாள் அவருகூடப் பேசலை, அவரு வயித்துகிட்ட மட்டும் பேசுனா.

ஒரு வாரம் ஊர்ல யாரும் யாரையும் அந்தக் கேள்வி கேக்கலை. வெயில் எப்படின்னு கேட்டுப் பாத்தாவ, மழை வருமான்னு கேட்டுப் பாத்தாவ, ரெண்டு வார்த்தைக்கு மேல பேச்சு நகரலை. கல்யாண வீட்டுல வந்தவகளும் வரவேத்தவகளும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துத் தலையை ஆட்டிக்கிட்டே நின்னாவ. சாப்ட்டாச்சான்னு கேக்காம ஒரு மனுசனை எப்படிங்க மனுசனாப் பாக்குறது? வந்தது வரட்டும்னு மறுபடி கேக்க ஆரம்பிச்சாவ. செண்பகவல்லி மருமகளுக்கு முதல் பந்தியில தட்டு வச்சா. வாத்தியார் வீட்டுல காலையிலயே உலை வச்சாவ. வயித்துக்குள்ள இருக்குறவகளுக்கு "உள்ளூர்க்காரங்க"ன்னு பேரும் வச்சாச்சு.

அவ்வோ தன்மையா எடுத்துச் சொல்லத்தான் செஞ்சாவ. "நாங்க கோடிக்கணக்குல இருக்கோம். உங்களால செரிக்க முடியாத நாரையும் சக்கையையும் நாங்க தின்னு உங்களுக்குச் சத்தாத் திருப்பித் தாரோம். கெட்ட பயலுவ எவனும் உள்ள நுழைஞ்சா இடம் குடுக்காம நெருக்கியடிச்சு உக்காந்துக்கிடுதோம். கீரைத்தண்டு அனுப்புங்க, பயறு அனுப்புங்க, புளிச்ச மோர் அனுப்புங்க, சும்மா மைதாவையே தள்ளாதீங்க"ன்னு சொன்னாவ. வாழைத்தண்டு விக்கிறவன் பத்து மணிக்குள்ள வித்துட்டு வீட்டுக்குப் போனான். பிஸ்கட் பாக்கெட்டெல்லாம் கடையில தூசி பிடிச்சுது.

ஆனா சில வயிறு பேசவே இல்லை.

மொதல்ல அதுல ஒரு பெருமை. "எங்க வயிறெல்லாம் மரியாதை தெரிஞ்ச வயிறு, கண்டதையும் வெளிய சொல்லாது"ன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டுத் திரிஞ்சாவ. பொறவு பாத்தா, அவங்கதான் ஓயாம வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தாவ, ரெண்டு இட்லி தின்னா உப்பிப்போய்க் கிடந்தாவ, மாசத்துக்கு ரெண்டு தடவை காய்ச்சல்ல படுத்தாவ. ஒருநாள் மாடத்தியக்கா சொம்பைக் கழுவிக்கிட்டே, யாரையும் குத்திச் சொல்லாம, சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லுற மாதிரி சொன்னா. "பேசாத வயிறு பூராவும் நம்ம ஆவுடையப்பன் அண்ணாச்சி கடைக்குப் போன வயிறுதான்."

நெசம். இருபத்திரண்டு வருசம், இந்தக் கையில இருந்த கத்தரிக்கோலு செஞ்ச வேலை அது. சளின்னு வருவாவ, தொண்டை கரகரங்குதுன்னு வருவாவ, "நல்ல பவரா ஒண்ணு, ரெண்டு வேளைக்கு வெட்டிக் குடுங்க அண்ணாச்சி"ம்பாவ. டாக்டர் சீட்டு எங்கன்னு நான் கேக்கமாட்டேன். கிருமியைக் கொல்லுற மாத்திரை, அட்டையில ரெண்டு, கிரிச்சுன்னு வெட்டிக் குடுப்பேன். அது வேண்டிய நேரத்துல உயிரைக் காக்குற மருந்துங்க, அதைக் குறை சொல்லக்கூடாது, டாக்டர் எழுதிக் குடுத்தா சொன்ன நாளு முழுக்கச் சாப்பிட்டுத்தான் தீரணும். ஆனா சும்மா வந்த சளிக்கு அது கேக்காது. வேண்டாத நேரத்துல உள்ள போனா உள்ளூர்க்காரங்களைத்தான் அடிச்சு விரட்டும். எனக்குத் தெரியாதா? நான் அதைப் படிச்சுப் பாஸ் பண்ணவன். சட்டம் போட்ட சர்ட்டிபிகேட் கடையில தொங்குது. தெரிஞ்சேதான் வெட்டிக் குடுத்தேன். நான் குடுக்கலைன்னா மேலத்தெருக் கடைக்குப் போயிருவாவன்னு எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கிட்டேன்.

அதோட நின்னுதா? மாடத்தியக்கா தன் வண்டிக்கு வாரவகளை, "சளிக்கு எதுக்கு மாத்திரை, ரெண்டு நாள் வெந்நி குடிச்சிட்டுக் கிடங்க, தானாப் போயிரும்"னு அனுப்பிக்கிட்டிருந்தா. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. பொது சுகாதாரத்துக்குக் கேடு, ஈ மொய்க்குதுன்னு பேர் போடாம பஞ்சாயத்து ஆபீசுக்கு ஒரு மனு எழுதிப் போட்டேன். மூணு தடவை அவ வண்டியைத் தூக்கிட்டுப் போனாவ. மூணாவது தடவை அவ பானையெல்லாம் தெருவுல உடைஞ்சு கிடந்துச்சு. நான் கடைக் கண்ணாடிக்குப் பின்னால நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். எழுதினது யாருன்னு ஒருத்தருக்கும் தெரியாது.

இப்ப என் மக தாரணியைப் பத்திச் சொல்லணும்.

அஞ்சாங்கிளாஸ். ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும் ஒருநாள்கூட லீவு போடாத பிள்ளைன்னு வருசா வருசம் மேடையில ஏத்திப் பரிசு குடுத்தாவ. நாலு சான்றிதழையும் கண்ணாடி போட்டு மாட்டி வச்சிருந்தேன், வாரவன் போறவன்கிட்டயெல்லாம் காட்டுவேன். அவ தும்மினா ஒரு மாத்திரை. இருமினா ரெண்டு. உடம்பு லேசாச் சுட்டா, விடிஞ்சா பள்ளிக்கூடம் போகணும்லான்னு பவரானது ஒண்ணு. பரிசு அவளுக்குத்தான், மாலை போட்டுக்கிட்டது நான்.

அவ வயிறு பேசலை. பங்குனி, சித்திரை, வைகாசி, ஒரு வார்த்தை இல்லை. தின்னது தின்னபடியே வெளிய போச்சு. கன்னம் ஒட்டிப் போச்சு, தோள் எலும்பு சட்டைக்கு மேல தெரிஞ்சுது. பெரிய டவுணு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். அந்த டாக்டரம்மா பாத்துட்டு, "குடல்ல இருக்க வேண்டிய நல்ல கிருமியெல்லாம் போயிருச்சே, இத்தனை மாத்திரை யாரு இந்தப் பிள்ளைக்குக் குடுத்தது?"ன்னு கேட்டாவ. நான், பெத்த தகப்பன், "தெரியலை டாக்டர்"னேன். என் வீட்டுக்காரி பகவதி என் முகத்தைத் திரும்பிப் பாத்தா. அந்தப் பார்வையை நான் சாகுற வரைக்கும் மறக்கமாட்டேன்.

இந்த நேரத்துலதான் பேசாத வயித்துக்கு ஒரு வழி தெரிஞ்சுது. அதுவும் ரேவதியாலதான். மாமியா செண்பகவல்லிக்கும் பேசாத வயிறு, அந்த அம்மாவும் என் கடை வாடிக்கைதான். ஒருநாள் அவ முடியாமக் கிடக்க, ரேவதி தான் தின்னுக்கிட்டிருந்த தட்டுல இருந்தே ஒரு கவளம் உருட்டி ஊட்டிவிட்டா. "சாப்ட்டாச்சா?"ன்னு யாரோ கேக்க, ரேவதி வயிறு பதில் சொல்ல, அந்தப் பேச்சு முடியுறதுக்குள்ள அதுல கொஞ்சப்பேரு தட்டு வழியாக் கடந்து மாமியா வயித்துல குடியேறிட்டாவ. மறுநாள் காலையில செண்பகவல்லி வயிறு, சின்னதா, கூச்சத்தோட, "ஆகலை"ன்னுச்சு.

எச்சில்தான் மருந்துன்னு தெரிஞ்சதும் எங்க ஊரு பட்ட பாட்டைப் பாக்கணுமே! தம்ளரை உதட்டுல வைக்காம அண்ணாந்து குடிக்கிற ஊருங்க இது. யாரு எச்சிலை யாரு தின்னுறதுன்னு பத்து நாள் கூட்டம் போட்டாவ. பெரிய பேரு, பெரிய வீடு உள்ளவகளுக்கெல்லாம் ஊமை வயிறு. குளத்துக்கு அந்தப்பக்கம் இருக்குற, இவங்க வாசப்படி ஏத்தாத ஆளுக வயிறெல்லாம் திருவிழா மாதிரிச் சத்தம். கடைசியில கௌரவத்தை விட வயித்துவலி பெருசு. ஒவ்வொருத்தராத் தட்டைத் துண்டுக்குள்ள மறைச்சுக்கிட்டு, குனிஞ்ச தலை நிமிராமக் குளத்தங்கரை ஏறிப் போனாவ. அந்தப்பக்கத்து ஆளுக, "வாங்க, உக்காருங்க, சாப்ட்டாச்சா"ன்னுதான் கேட்டாவ. வேற ஒரு வார்த்தை சொல்லலை. அதைத்தான் இவங்களால தாங்க முடியலை.

பகவதி தாரணியை மாடத்தியக்காகிட்ட கூட்டிட்டுப் போனா. அவ தன் சொம்புலயே பிள்ளைக்குக் கூழ் குடுத்தா. மூணு நாள், என் பிள்ளை கன்னத்துல ரத்தம் வந்துச்சு, சிரிச்சா, ஒரு நேரம் ஓடக்கூட ஓடினா. நாலாம் நாள் மறுபடி ஊமை. மாடத்தியக்கா தன் வயித்துல இருக்குறவக சொன்னதை அப்படியே சொல்லி அனுப்பினா. "நாங்க விருந்தாளி மாதிரித்தான், மூணு நாள் இருந்துட்டுக் கிளம்பிருவோம், இவ்வளவு காலியான பிள்ளை வயித்துல அடுத்த தடவை அந்த மூணு நாள்கூட நிக்கமாட்டோம். ஒரே வீடு, ஒரே உலைச் சோறு, அங்க ஒரு பேசுற வயிறு இருந்தா அதுல இருந்து குடுங்க, அதுதான் நெலைச்சு நிக்கும். வீட்டுல யாருக்காவது பேசுதா?"

பகவதி வயிறு பேசாது, அவளுக்கும் குடுத்தவன் நான்தான். அவ என்னைப் பாத்துக் கேட்டா. "உங்களுக்குப் பேசுமா?"

"இல்லை"ன்னேன்.

பேசும்ங்க. மொத நாளே, கடையில ஆளில்லாதப்ப என்னை நானே கேட்டுப் பாத்தேன், பேசிச்சு. இருபத்திரண்டு வருசத்துல தேவையில்லாம ஒரு மாத்திரைகூட என் வாய்க்குள்ள போனதில்லை. எனக்குச் சளி பிடிச்சா நாலு நாள் மூக்கை உறிஞ்சிக்கிட்டுச் சும்மா கிடப்பேன். தினமும் பதினோரு மணிக்கு மாடத்தி கூழ் ஒரு தூக்குவாளி. பகவதி வாங்கிட்டு வருவா, நான் குடிப்பேன். தாரணிக்குக் குடுக்கவிடமாட்டேன், அவளுக்கு டப்பாவுல வார பால்பொடிதான். என் வயித்துல இருந்த கூட்டம் ஊர்லயே பெரிய கூட்டம். ஆனா கட்டின பெண்டாட்டி "சாப்பிட வாரியளா"ன்னுதான கேப்பா, சாப்ட்டாச்சான்னு எங்க கேக்கப் போறா? கடையில எவனாவது கேட்டா உடனே ரேடியோவை முறுக்கிவிட்டுருவேன். அவ்வோ சத்தத்துக்கு மேல சத்தம் போடமாட்டாவ. அப்படியே தப்பிச்சிட்டிருந்தேன்.

சொன்னா என்ன ஆகும்னு நினைச்சுப் பாருங்க. இந்தத் தெரு லைன் வீடு, சுவருக்குச் சுவரு ஒட்டு. என் வயிறு வாயைத் தொறந்தா ஊரே கேக்கும். ஊர் வயித்தையெல்லாம் ஊமையாக்கினவன் தன் வயித்தை மட்டும் பத்திரமா வச்சிருந்திருக்கான்னு தெரிஞ்சா, எவன் முகத்துல முழிப்பேன்? பதினோரு நாள், சாமி சத்தியமா, பதினோரு நாள் என் மானத்தையும் என் பிள்ளையையும் தராசுல வச்சுப் பாத்துக்கிட்டிருந்தேன். தராசுல வச்சதே தப்புன்னு தெரியாதவனா நான்? ஒம்பதாம் நாள் அவளால எந்திரிச்சு நிக்க முடியலை. அஞ்சு வருசத்துல முதல் தடவையா லீவு லெட்டர் எழுதினோம்.

பன்னெண்டாம் நாள் ஞாயித்துக்கிழமை மத்தியானம், கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். மிக்சியை ஓடவிட்டேன். ஒரு தட்டுல சோறு பிசைஞ்சு பாதி நான் தின்னுட்டு, பிள்ளையை மடியில வச்சுக்கிட்டு, "பகவதி, என்னைச் சாப்ட்டாச்சான்னு கேளு. மெதுவாக் கேளு"ன்னேன். அவளுக்கு அந்த ஒரு நொடியில எல்லாம் விளங்கிருச்சு. அழலை, ஏசலை. கேட்டா.

உள்ள இருந்து உள்ளூர்க்காரங்க, என் விலாவுக்கு மட்டும் கேக்குற மாதிரி, "மிக்சியை நிறுத்துங்க"ன்னாவ. நிறுத்தினேன். "கதவைத் தொறங்க. நம்ம பிள்ளை வீட்டுக்குக் குடிபோறோம், களவாணி மாதிரியா போகணும்? தொறந்த வாசல்ல சொல்லிட்டுத்தான் போவோம்."

தாரணி என்னைப் பாத்துக்கிட்டே இருந்தா. நான் எந்திரிச்சுப் போய்த் தாழ்ப்பாளை எடுத்து ரெண்டு கதவையும் அகலத் தொறந்தேன். வேப்பமரத்தடியில மாடத்தியக்கா வண்டியைச் சுத்தி அன்னைக்குக் கூட்டம். வாத்தியார் நின்னாரு, செண்பகவல்லி, ரேவதி, எல்லாரும் நின்னாவ. பகவதி வாசல்ல நின்னுக்கிட்டு, தெருவே திரும்பிப் பாக்குற மாதிரி, "சாப்ட்டாச்சா?"ன்னு கேட்டா.

"ஆச்சு"ன்னுச்சு என் வயிறு. அடேயப்பா, அது ஒரு குரலா? தேர் இழுக்குற கூட்டம் மாதிரி. "ஆச்சு. கீரைக்குழம்பும் சோறும், அரைத் தட்டு. காலையில மாடத்தி கூழ். நேத்தும் மாடத்தி கூழ். இருபத்திரண்டு வருசமா எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. தேவையில்லாம ஒரு மாத்திரையை நாங்க கண்ணால பாத்ததில்லை. கடையில வெட்டிக் குடுக்குறப்பல்லாம் லேசா ஒரு தடவை கலக்கும், பொறவு சரியாப் போகும். மாடத்தி மேல மனு எழுதின அன்னைக்குத்தான் ராத்திரி பூரா நல்லாக் கலக்கிச்சு. அன்னைக்கும் குடிச்சிருந்தது மாடத்தி கூழ்தான்."

யாராவது கல்லை விட்டு எறிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். யாரும் எறியலை. நான் தலையைத் தூக்காம ஒரு கவளம் உருட்டித் தாரணி வாயில வச்சேன். மெதுவா மென்னா, முழுங்கினா. பொறவு என் முகத்தைப் பாத்துக் கேட்டா.

"நீங்க சளி பிடிச்சா நாலு நாள் சும்மா படுத்துக் கிடப்பீங்களேப்பா. எனக்கும் ஒரு நாளாவது படுத்துக் கிடக்கணும் போல இருந்துச்சு. ஏன் என்னை விடவே இல்லை?"

நான் அடுத்த கவளத்தை உருட்ட ஆரம்பிச்சேன்.

மாடத்தியக்கா ஒரு சொம்பைக் கையில எடுத்துக்கிட்டு ரோட்டைத் தாண்டி வந்தா. ஏசப் போறா, அந்தக் கூழை மூஞ்சியில ஊத்தப் போறான்னு கண்ணை மூடிக்கிட்டேன். அவ சொம்பைத் தாரணி பக்கத்துல வச்சுட்டு, "உடைஞ்சது வெறும் மூணு பானை மட்டும் இல்லை அண்ணாச்சி, அதுல ஒண்ணு எங்க ஆத்தா பானை"ன்னு மட்டும் சொல்லிட்டுத் திரும்பிப் போயிட்டா. ஏசியிருக்கலாம் அவ.

மூணு நாள் நான் ஒண்ணும் திங்கலை, இறங்கலை. பிள்ளை வயிறு நெலைக்குமா, நாலாம் நாள் மறுபடி ஊமையாயிருமான்னு அவ பக்கத்துலயே உக்காந்திருந்தேன். நாலாம் நாள் காலையில ஜன்னல் வழியா வாத்தியார் கேட்டாரு. "தாரணி, சாப்ட்டாச்சாம்மா?" அவ வயிறு சின்னக் குரல்ல சொல்லிச்சு. "எங்களுக்கு ஆச்சு. அப்பாவுக்குத்தான் மூணு நாளா ஆகலை." நான் சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டு அழுதேன். சான்றிதழ் நாலையும் அன்னைக்கே கழட்டி உள்ள வச்சுட்டேன்.

அன்னைக்கு மத்தியானமே செண்பகவல்லி அண்ணன் கையில தட்டோட வாசல்ல வந்து நின்னாரு. "உம்ம வயித்துலதான் பெரிய கூட்டமாம்லா. நீரு எடுத்தது, நீரே குடும்"னாரு. அவருக்குப் பின்னால ரெண்டு பேரு. மறுநாள் ஒம்பது பேரு. இப்ப பக்கத்து ஊருல இருந்தெல்லாம் வாராவ, உங்களை மாதிரி. வெளி ஆளுக வயித்துல மூணு நாள்தான் நிக்கும், மறுபடி மறுபடி வந்து தின்னுக்கிட்டே இருந்தா ஒருநாள் உங்களையும் சொந்த வீடுன்னு நினைச்சுத் தங்கிருவாவ. தங்கினவகளும் இருக்காவ. ஆனா ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு தடவையும் கேக்கணும். கேட்டாத்தான் கடப்பாவ. கேட்டா என் வயிறு ஆதியில இருந்து அந்தம் வரைக்கும் எல்லாத்தையும் மறுபடி சொல்லும், மாத்திரை, மனு, பானை, ஒரு எழுத்து விடாது. பள்ளிக்கூடம் விட்டு வந்தா தாரணியும் அந்தா அந்தப் படியில உக்காந்து கேட்டுக்கிட்டுத்தான் இருப்பா. பழகிரும்னு நினைச்சேன். பழகலைங்க.

சரி, சோறு பிசைஞ்சாச்சு. தட்டை இப்படி நீட்டுங்க. கதவு தொறந்துதான் இருக்கு. நான் பாதி தின்னுட்டேன், இது உங்களுக்கு.

இப்ப கேளுங்க.